பவுனுவுக்காகப் பேசிய படம்

ஜீவரத்தினம் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாரே, அப்போதுதான் சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒழுங்காகத்தான் படத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

பம்மலில் அவர்கள் சபையின் ஹால். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஐக்கிய விருந்தின் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, சபையார் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தின் கறுப்புத் துணியைக் கட்டி மத்தியான வெயிலை மறைத்திருந்தார்கள். ஓடியது யுத்த காலத்துப் படம். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரை ஜெர்மன் பட்டாளம் பிடித்துக்கொள்கிறது. யூதர்களைத் தேடித் தேடி ரயிலில் ஏற்றுகிறது. அந்த ஊரில் சர்க்கஸ் நடத்தும் ஒரு விதவை, தன் யானையையும் குதிரைகளையும் கிழட்டுக் கரடியையும் பட்டாளத்தின் கையில் சிக்காமல் காப்பாற்றப் பார்க்கிறாள். கூடவே யானைக் கொட்டாயில் வைக்கோலுக்கு அடியில் ஒரு யூதக் குடும்பத்தையும் ஒளித்து வைத்திருக்கிறாள். இவளைக் காட்டிக்கொடுக்க அலைகிறவன் ஜெர்மன்காரன் கூட இல்லை. அதே ஊர்க்காரன், தொப்பி போட்ட ஒரு நகராட்சி குமாஸ்தா.

படம் பேசியது எந்த தேசத்து பாஷையோ. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும் என்றார்கள். ஆனால் புரொஜெக்டரை வைத்த ஆல்வின் படத்தைப் பெரிசாகக் காட்டுகிறேன் பேர்வழி என்று திரைக்கும் கீழே இறக்கிவிட்டான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மேடைக்கு முன்னால் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் விழுந்து காணாமல் போனது. அதனால் என்ன, சாராள் டீச்சர் இருக்கும்போது என்ன கவலை? அந்த எழுத்து முழுசாகத் தெரியும் லேப்டாப்புக்குப் பக்கத்தில் மைக்கைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள்.

இந்தச் சபையில் அப்படித்தான். எந்த வெள்ளைக்காரப் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது சாராள். அவர் கையை ஓங்கினால் இவளும் ஓங்குவாள். அவர் குரல் தழுதழுத்தால் இவள் குரலும் தழுதழுக்கும். ஜனங்கள் பார்ப்பது வெள்ளைக்காரர் முகத்தை, காதில் வாங்குவது சாராளை. அவள் என்ன சொன்னாளோ அதுதான் அவர் சொன்னது. அதில் இதுவரை ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

படத்துக்கும் அதே மரியாதைதான் நடந்தது. சர்க்கஸ்காரி ஜெபம் பண்ணும் இடத்தில் முன்வரிசையிலிருந்து "ஆமென்" வந்தது. யானை தும்பிக்கையால் யூதக் குழந்தையின் தலையைத் தடவியபோது பெண்கள் பக்கம் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஒரே விசும்பல். பிரியாணிக்காக வந்து படத்துக்கும் உட்கார்ந்துவிட்ட மீன்காரி செல்லம்மா, "இன்னா அறிவு பாரு அந்த ஆனைக்கு! நம்ம வண்டலூர்ல கீற ஆனை இப்டி செய்யுமா?" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

அப்புறம் நொண்டிக் குதிரையைச் சுட இழுத்துக்கொண்டு போனார்கள். குதிரை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அங்கேதான் முன்வரிசையில் ஜீவரத்தினம் கைக்குட்டையை எடுத்தார். மூக்கைச் சிந்தினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாயில்லா ஜீவனைப் போய் இப்படிப் பண்றானே! கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா பாருங்க இந்தப் பாவிக்கு!"

யார் சொல்வது, எதைச் சொல்வது!

ஜீவரத்தினம் சபைக்கும் செக்ரட்டரி, சாராள் குடியிருக்கும் தெருவின் நலச்சங்கத்துக்கும் செக்ரட்டரி. மார்ச் மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, சாராள் உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது கேட்டருகே பவுனு இல்லை. பவுனு அவள் நாய். ஜாதி நாயெல்லாம் இல்லை, தெருவில் பிறந்த செவலைதான். சாராளின் கணவர் இறந்த வருஷம் மழைக்கு ஒதுங்கிய குட்டி, அப்படியே தங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் முனையில் காத்திருக்கும். பையை ஒருமுறை மோந்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும். இந்த உலகத்தில் சாராளுக்காகக் காத்திருக்கிற உயிர் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாநகராட்சி நாய்க் காப்பகத்துக்கு ஓடினாள். அந்தப் பக்கம் வண்டியே அனுப்பவில்லை என்று கையை விரித்தார்கள். நேராக ஜீவரத்தினம் வீட்டுக்குப் போனாள். தெருநாய்களை ஒழிக்க வேண்டும் என்று சங்கத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துகிறவர் அவர்தானே! மனுஷன் கேட்டைத் திறக்கக்கூட இல்லை. உள்ளே நின்றபடி பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்? ஏதோ வண்டி வந்துச்சாம். நான் தெருவோட நன்மையைத்தான் பாக்கணும். ஒரு நாய்க்குப் போய் இப்படி அழறீங்களே! நாய்தானே, எங்கயாவது போய்ப் பொழச்சுக்கும். ஆண்டவர் ஆத்துமா குடுத்திருக்கறது மனுஷனுக்குத்தான்."

சாராள் அதில் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. ராத்திரி படுத்தால் அந்தப் பல்குச்சிதான் கண் முன்னால் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பரமண்டல ஜெபம் சொல்லும்போது மன்னிப்பு வரும் வரியில் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்த ஆளை நாலு பேருக்கு முன்னால் நாறடிக்க வேண்டும், பவுனு எங்கே என்று அந்த வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்கு வழி தெரியாமல்தான் இத்தனை நாளாய் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

இப்போது வழி கையிலேயே இருந்தது. மைக்!

திரையில் குமாஸ்தா சர்க்கஸ்காரியிடம் ஏதோ லைசென்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தான். சாராள் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? ஏதோ வண்டி வந்துச்சாம். நான் தெருவோட நன்மையைத்தான் பாக்கணும்."

"தோ பார்றா, இவரு நன்மை பாக்கறாராம்! கஸ்மாலம்!" என்றாள் செல்லம்மா. ஹால் முழுக்க உச்சுக் கொட்டியது. சாராள் ஜீவரத்தினத்தின் முகத்தையே பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அயோக்கியன்! எவ்வளவு கூசாம பொய் சொல்றான் பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்த ஆயர் அசரியாவிடம்.

அடப்பாவி மனுஷா, உன் பேச்சு உனக்கே தெரியவில்லையா? சரி, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்.

கரடியைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். சர்க்கஸ்காரி கூண்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். குமாஸ்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். சாராள் அதை நீட்டி முழக்கினாள்.

"ஒரு மிருகத்துக்குப் போய் இப்படி அழறீங்களே! மிருகம்தானே, எங்கயாவது போய்ப் பொழச்சுக்கும். ஆண்டவர் ஆத்துமா குடுத்திருக்கறது மனுஷனுக்குத்தான்."

ஹால் கொதித்துவிட்டது. "ஆண்டவர் பேரை வேற இழுக்கறான் பாரு!" என்று ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இவன் நாக்கு அழுகிப் போவ!" என்று செல்லம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கையை வீசினாள். அந்த சாபத்தையெல்லாம் சாராள் வெயிலில் மோர் குடிக்கிற மாதிரி குடித்தாள். இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

ஒருத்தி மட்டும் சாபம் கொடுக்கவில்லை. ஜீவரத்தினத்தின் மனைவி ரோஸி. அன்றைக்குக் கேட்டுக்குப் பின்னால் வராண்டாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அவள். மெதுவாகத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சாராளைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். ஜீவரத்தினமோ இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்படிப்பட்டவனை நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேக்கணும் ஐயா" என்றார்.

கேட்கலாமே, நடுத்தெருவிலேயே கேட்கலாமே! சாராளுக்கு வெறி ஏறிவிட்டது. இனி அவளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தெரியாததையும் சொல்லிவிட வேண்டியதுதான். பவுனு எப்படிப் போயிருக்கும் என்று ராத்திரி ராத்திரியாகப் படுத்துக்கொண்டு யோசித்து யோசித்து வைத்திருந்ததை எடுத்தாள். பவுனு அந்நியர் கைக்குச் சிக்குகிற நாய் இல்லை. குரல் தெரிந்தவர் யாரோ கூப்பிட்டுத்தான் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பதும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் பனி கொட்டுகிறது. குமாஸ்தா ஒரு லாரிக்காரனின் காதில் கிசுகிசுக்கிறான். சாராளும் மைக்கை உதட்டோடு ஒட்டி கிசுகிசுத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலைல வண்டியைக் கொண்டா. அந்தம்மா உபவாச ஜெபத்துக்குப் போயிடும். பின் சந்துல நிறுத்து. நான் கூப்ட்டா ஓடி வந்துடும், பொறை ரொட்டியை வெச்சு நானே ஏத்திவிடறேன். யாராவது கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு."

பின்னால் டமார் என்று ஒரு நாற்காலி விழுந்தது.

"டீச்சரம்மா! யாரு சொன்னாங்கோ ஒங்களுக்கு?"

சேட்டு. நாற்காலியும் ஸ்பீக்கரும் ஏற்றிவந்த குட்டியானை வண்டியின் டிரைவர். வாசல் பக்கம் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்தவன், பேயைப் பார்த்தவன் மாதிரி நடுவில் வந்து நின்றான்.

"சத்தியமா நான் அடிக்கல டீச்சரம்மா! சார்தான் வண்டி கேட்டாரு. கார்ப்பரேசன் ஆர்டர் கீதுன்னாரு. மத்த நாயெல்லாம் சாக்குல கட்டித்தான் ஏத்தனோம். ஒங்க செவலை மட்டும் சார் கொரலைக் கேட்டு வாலாட்டிகினு அதுவா வந்துச்சு. பொறையைக் காட்டி அவருதான் ஏத்தினாரு. நான் வண்டிதான் ஓட்டுனேன்!"

ஆல்வினுக்கு என்ன தோன்றியதோ, படத்தை நிறுத்திவிட்டான். குமாஸ்தா தொப்பியோடு திரையில் உறைந்து நின்றான். அவனுக்கு நேர் கீழே ஜீவரத்தினம். அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. கைக்குட்டை மடியில் விழுந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இது... இது சங்கத்தோட முடிவு. படத்தைப் போடுப்பா ஆல்வின்!"

"படம் கெடக்கட்டும்!" என்று செல்லம்மா எழுந்தாள். "அப்போ இவ்ளோ நேரம் ஆனைக்கும் குதிரைக்கும் மூக்கு சிந்திகினு இருந்தியே, அது இன்னா நாடகமா? நீ இன்னா மனுசன்யா?"

யானைக்கும் குதிரைக்கும் அழுத கண்கள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பின. ஆயர் அசரியா இரண்டு கையையும் தூக்கி அமர்த்தப் பார்த்தார். "சகோதரி, கர்த்தருடைய வீடு இது. ஜீவரத்தினம் மன்னிப்பு கேட்பார். நீங்களும் மனசார..."

"மன்னிப்பு அப்புறம் ஐயா" என்றாள் சாராள். மைக்கை இன்னும் அணைக்கவில்லை. அவளுடைய சொந்தக் குரல் ஹாலில் அதிர்ந்தது. "பவுனு எங்கே? அதை முதல்ல சொல்லச் சொல்லுங்க."

ஜீவரத்தினம் தரையைப் பார்த்தார். "மாம்பாக்கம் தாண்டி... ஏரிக்கரையில விட்டோம்" என்று முனகினார். சொல்லிவிட்டார். அந்த வாயாலேயே சொல்லிவிட்டார்.

"வாங்க, போகலாம்."

"நாளைக்குக் காலைல..."

"இப்பவே. அன்னிக்கு நீங்க கூப்ட்டுத்தானே வந்துச்சு? இன்னிக்கும் நீங்கதான் கூப்பிடணும்."

அவர் ரோஸியைப் பார்த்தார். அவருடைய போனும் பர்ஸும் அவள் கைப்பையில்தான் இருந்தன. ரோஸி பையை இறுக்கி மூடிக்கொண்டாள். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்?

சாராள் சேட்டுவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஜீவரத்தினத்துக்கு இடம் வண்டியின் பின்பக்கம், நாய்களை ஏற்றிய அதே தகர மேடையில். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிக்னலில் பைக்கோடு நின்றவர்கள் எல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அவர் தள்ளாடுவதைக் கண்ணாடியில் பார்த்து சாராள் ரசித்தாள். ஆமாம், ரசித்தாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலை வாசலில் சேட்டு வண்டியைத் திருப்பியபோது அவர் நிலைதடுமாறி முழங்காலில் விழுந்தார்.

"மெதுவா போவட்டா டீச்சரம்மா?"

"அன்னிக்கு மெதுவாவா போன?"

சேட்டு கியரை மாற்றி வண்டியை விரட்டினான்.

மாம்பாக்கம் தாண்டி ஏரிக்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு டீக்கடை, மூடிக்கிடந்த ஒரு பஞ்சர் கடை, முள்காடு. வேறொன்றும் இல்லை. சாராளுக்கு வழியெல்லாம் இருந்த தைரியம் அங்கே போய்விட்டது. இரண்டு மாசம். லாரி போகிற ரோடு. உயிரோடு இருக்குமா? இல்லையென்றால் இந்த ஆளை ஏரியில் தள்ளினாலும் தன் நெஞ்சு ஆறாது என்று நினைத்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள்.

ஜீவரத்தினம் கூப்பிட்டார். "பவுனு..." குரலே எழும்பவில்லை.

"அன்னிக்கு இப்படித்தான் கூப்ட்டீங்களா?"

"பவுனு! வா வா வா! பவுனு!"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முள்காட்டிலிருந்து முதலில் வந்தவை வேறு இரண்டு. அவர்கள் தெருமுனையில் படுத்துக் கிடந்த கறுப்பு நாயும் அதன் கூட்டாளியும். அவை ஜீவரத்தினத்தைப் பார்த்ததும் பல்லைக் காட்டி உறுமின. சேட்டு இரண்டையும் தாஜா பண்ணித் தூக்கிப் பின்னால் ஏற்றினான். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டியது. சாராள் நிறுத்தச் சொல்லவில்லை.

பஞ்சர் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது. ஒரு காது கிழிந்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். ஆனால் செவலை. பவுனுவேதான்!

சாராள் கையை நீட்டிக்கொண்டு முட்டி போட்டாள். பவுனுவுக்கு அவள் இருப்பது தெரியவில்லை. அதற்குக் கேட்டது கூப்பிட்ட குரல்தான். நொண்டிக்கொண்டு ஓடிவந்து, வயிறு தரையில் தேய, வால் மட்டுமல்ல, இடுப்பே ஆட, நேராக ஜீவரத்தினத்தின் காலில் போய் விழுந்தது. அவர் கையை நக்கியது. பொறை தேடியது. விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வருவார் என்று அத்தனை நாளும் அந்த இடத்திலேயே காத்திருந்தது போலிருக்கிறது. அப்புறம்தான் சாராளின் வாசனை எட்டி, ஊளையிட்டுக்கொண்டு அவள் மேல் பாய்ந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஜீவரத்தினமும் அழுதார். கைக்குட்டை ஹாலிலேயே விழுந்துவிட்டதால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். நக்கப்பட்ட கையை நீட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா டீச்சர்? அதுவே என்னை மன்னிச்சிடுச்சு."

சாராளின் அழுகை சட்டென்று நின்றது. எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அது நாய்தானே சார். நான் மனுஷி. ஆண்டவர் ஆத்துமா குடுத்திருக்கறது எனக்குத்தான்."

பவுனுவைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறி மடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவர் பின்பக்கம் ஏறக் காலைத் தூக்கினார். மேலே இருந்த கறுப்பு உறுமியது. காலைக் கீழே வைத்துக்கொண்டார்.

"வண்டியை எடு சேட்டு."

"டீச்சரம்மா, சாரு?"

"எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவாரு. எடு."

சேட்டு எடுத்துவிட்டான். "டீச்சர்! டீச்சர்!" என்று பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. பவுனு அவள் மடியிலிருந்து திமிறி எழுந்து, இரண்டு முன்னங்காலையும் சீட்டின் முதுகில் ஊன்றி, பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தது. வெள்ளைச் சட்டை சிறிசாகிக்கொண்டே போனது. பவுனு மெல்ல முனகத் தொடங்கியது. முனகல் ஊளையாயிற்று. கண்ணாடியை நகத்தால் பிராண்டிப் பிராண்டி அழுதது.

சேட்டு வேகத்தைக் குறைத்தான். "கேக்குதா டீச்சரம்மா? திருப்பட்டா?"

சாராள் பவுனுவின் கிழிந்த காதைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா போ" என்றாள்.